மருந்து அறையும் கேள்வி நேரமும்

சரக்குக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர் விற்பது என் பிழைப்பு. ஓசூரில் படம் போட்டுக் காட்டினால் கைதட்டுவார்கள். கோயம்புத்தூரில் தள்ளுபடி கேட்பார்கள். சாத்தூரில் கேள்வி கேட்பார்கள்.

அங்கே கேட்பவர்கள் பட்டாசு ஆலை முதலாளிகள்; லேசுப்பட்டவர்கள் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம்தான் என்று சொன்னதிலிருந்து பட்டாசைச் சோதிக்கும் நாக்பூர் விஞ்ஞானி முதல் உள்ளூர் தாசில்தார் வரை எல்லோருக்கும் பதில் சொல்லிச் சலித்தவர்கள். கேள்வி கேட்கத் தங்களுக்கும் ஓர் ஆள் கிடைத்தால் விடுவார்களா? வெடிச் சத்தம் 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. வெடியைச் செய்யும் அண்ணாச்சியின் குரலுக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது.

"தம்பி, லைசென்சுல உள்ள அளவுக்கு மேல குடோன்ல சரக்கு இருந்தா உங்க கம்ப்யூட்டர் என்ன செய்யும்?"

"சிவப்பு எழுத்துல காட்டும், அண்ணாச்சி."

"யாருக்குக் காட்டும்?"

அதுவரை செல்போனைத் தடவிக்கொண்டிருந்த மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆபீசர் வர்றதுக்கு முந்தி உங்களுக்குக் காட்டும்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்றைக்கு நான் தப்பித்தது அந்த ஒரு வரியில்தான்.

மற்ற நாட்களில் தப்பிக்க வழி? பட்டாசு ஆலை மருந்து அறைக்கு என்ன விதியோ, அதுவே கேள்வி நேரத்துக்கும் விதி என்பது என் கட்சி.

அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். நான் இறக்கிவைக்கிற இடம் மண்டபத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை. முன்கூட்டியே போய்ச் சேவும் டீயுமாக உட்கார்ந்தால், எந்த அண்ணாச்சிக்கு எதில் கடுப்பு என்று தெரிந்துவிடும். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிடலாம்.

உள்ளே இரும்புச் சாமான் ஆகாது; உரசினால் பொறி பறக்கும். "முதல்ல நான் சொல்றத முழுசாக் கேளுங்க" என்பது சுத்தமான இரும்பு. "நீங்க கேக்கறது நியாயம்தான்" என்பது மரக்கட்டை. எவ்வளவு உரசினாலும் பொறி வராது.

ஒரு ஷெட்டில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கேள்வியை ஒவ்வொன்றாக வாங்குவதும் அதற்குத்தான். ஆனால் ஒற்றை ஆளாகவே நாலு பேருக்குச் சமமானவர் உண்டு. கேள்வி என்று எழுந்து, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த 1923-லிருந்து ஆரம்பிப்பார். நடுவில் அபாயச் சங்கிலியை இழுக்கக் கூடாது. அவராகக் கல்கத்தாவிலிருந்து வந்து சாத்தூர் ஸ்டேஷனில் இறங்கும்வரை தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறங்கிய பிறகு கேட்க வந்தது அவருக்கே மறந்திருக்கும்.

கடைசி விதிதான் முக்கியம்: கலந்த மருந்தை மிச்சம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். "விசாரிச்சுச் சொல்றேன்" என்ற கேள்வியும் அப்படித்தான். அன்று சாயங்காலமே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். ராத்திரி தங்கினால் காலையில் விருதுநகர் வரைக்கும் புகையும்: "அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியல."

இத்தனை விதியும் கேள்வி கேட்கிற கூட்டத்துக்கு. சண்டை போட்டவர்தான் கடைசியில் பைக்கை எடுக்கும்போது தனியாக வந்து, "விலை எவ்வளவு, குறைச்சுச் சொல்லுங்க" என்பார். எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நல்லாப் பேசுனீங்க தம்பி" என்று கைகொடுக்கிற ஊர் இருக்கிறதே, அங்கே புரொஜெக்டரைக் கழற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். அது நமுத்துப்போன சரக்கு.