உறையும் ரத்தம், வளரும் எலும்பு

உறைந்த ரத்தம்கூட எலும்பு சேர உதவுமாமே? ரத்தம் எப்போது இந்த வேலையில் இறங்கியது?

முதல் எலும்பு முறிந்த நாளிலிருந்தே! முறிந்த இடத்தில் கட்டிக்கொள்ளும் ரத்தத்தில் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் சாரம் கட்டுகின்றன. அதைப் பிடித்து ஏறித்தான் எலும்பைக் கட்டும் செல்கள் வேலைக்கு வருகின்றன.

ஆபரேஷனில் எலும்பிலிருந்து கசியும் ரத்தத்தை எதையாவது பூசி நிறுத்தினால் போதாதா?

எதைப் பூசுவீர்கள்? 1892-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி, தேன்மெழுகில் செய்த 'எலும்பு மெழுகு' பற்றி எழுதி அதை அறிமுகப்படுத்தினார். ரத்தம் நின்றது, மெழுகு கரையவில்லை. வந்த வேலை முடிந்தும் கிளம்பாமல், புது எலும்புக்கு வழியை மறித்தது. ரத்தத்தை நிறுத்திவிட்டுத் தானும் கரைந்து வழிவிடும் பொருள்களை ஆய்வாளர்கள் தேடுவது இதனால்தான்.

பல் பிடுங்கிய டாக்டர், 'துப்பக்கூடாது' என்று மிரட்டுகிறாரே?

துப்பினால் எச்சில் மட்டுமா போகும்? குழியை மூடிய ரத்தக்கட்டும் போகும். உள்ளே இருக்கும் எலும்பு வெளியே தெரிய, வலி உயிரை எடுக்கும். முதல் 24 மணி நேரம் ஸ்ட்ரா வேண்டாம், வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம்; சிகரெட்டைத் தொடவே வேண்டாம்.