முட்டை விலையும் முகமூடிப் படையும்

ஒரு தேசத்தின் மனசாட்சியை அளக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்று அமெரிக்காவில் 1930களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஜார்ஜ் கேலப் என்கிற புண்ணியவான் தொடங்கி வைத்தது. அதிபர் தம் வேலையைச் செய்கிற விதம் உங்களுக்கு ஏற்புடையதா, இல்லையா? ஆம், இல்லை, தெரியாது. மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடலாம். போர், பஞ்சம், கைவிலங்கு, கோழிமுட்டை எல்லாம் அந்த ஒற்றைப் பதிலில் கரைந்து சதவீதமாக வெளியே வரும். அதைப் பார்த்துத்தான் உலகின் மிகப் பெரிய வல்லரசு தூங்குகிறது, விழிக்கிறது, ஆள் பிடிக்கிறது.

இந்த எண்ணுக்கு ரத்தம் தெரியாது, சில்லறை நன்றாகத் தெரியும். 1991இல் மூத்த புஷ் ஈராக்கின் மேல் குண்டு மழை பொழிந்து முடித்தபோது கேலப் கணக்கில் அவருக்கு ஆதரவு 89 சதவீதம். அடுத்த ஆண்டு கோடையில் 29. நடுவில் புஷ் ஒன்றும் கெட்டவராக மாறிவிடவில்லை. வேலைகள் போயின, அவ்வளவுதான். செத்த ஈராக்கியர்கள் அந்த 89இல் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கவில்லை. மூடிய தொழிற்சாலைகள் 60 புள்ளிகளைக் குறைத்தன.

2024இல் டொனால்ட் டிரம்ப் ஜெயித்ததும் இதே சூத்திரத்தில்தான். எல்லையால் ஜெயித்தேன், மளிகையால் ஜெயித்தேன் என்று தொலைக்காட்சியில் அவரே சொன்னார். அவர் வாயிலிருந்து வந்ததில் சரிபார்க்கத் தேவையில்லாத ஒரு சில வாக்கியங்களில் அது ஒன்று. பைடன் காலத்தில், 2022 ஜூனில், பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. 2023 டிசம்பரில் மெக்சிகோ எல்லையில் ஒரே மாதத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் பிடிபட்டார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இரண்டையும் வரைபடம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். வயிறு எரிகிறவனுக்கு வரைபடம் எதற்கு? டிரம்ப் கட்சி மில்வாக்கியில் கூடியபோது, கூட்டம் கூட்டமாக நாடு கடத்து, இப்போதே நாடு கடத்து என்று அச்சடித்த அட்டைகள் இருக்கைதோறும் கைமாறின. பேரன் பேத்தி எடுத்தவர்கள் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி ஆடினார்கள். தேர்த் திருவிழாவில்கூட அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அமெரிக்க வயல்களில் கூலிக்குப் பயிர்வேலை செய்கிறவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு முறையான ஆவணம் கிடையாது. இது உளவுத்துறை ரகசியம் அல்ல, அந்நாட்டு வேளாண் துறையே வெளியிடுகிற கணக்கு. ஸ்ட்ராபெர்ரியைக் குனிந்து பறிப்பவன் அவன். இறைச்சிக் கூடத்தில் விறைத்த விரல்களோடு கத்தி பிடிப்பவன் அவன். விலை குறைய வேண்டும், விலையைக் குறைத்துத் தருகிறவன் ஒழிய வேண்டும்: இரண்டு வரங்களையும் மக்கள் ஒரே மூச்சில் கேட்டார்கள். ததாஸ்து என்றார் டிரம்ப்.

பிறகு தொடங்கியது கூத்து. 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்களை விலங்கு பூட்டி, ராணுவச் சரக்கு விமானத்தில் ஏற்றி, அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நாடாளுமன்றத்தில் எழுந்து, விலங்கு பூட்டுவது 2012 முதல் அவர்களின் வழக்கமான நடைமுறைதான் என்று பொறுமையாக விளக்கினார். அமெரிக்கத் தூதரகம்கூட அவ்வளவு அழகாக விளக்கியிருக்காது. அதே மாதம் வெள்ளை மாளிகை ஒரு காணொளி வெளியிட்டது. நாடு கடத்தப்படுகிறவர்களின் சங்கிலி தரையில் இழுபடும் ஓசை, விலங்கு கிணுகிணுக்கும் ஓசை. காதில் மெல்லக் கேட்டுக்கொண்டே கண்ணயர்வதற்காக மழைச் சத்தத்தையும் காகிதச் சலசலப்பையும் பதிவுசெய்து போடுவார்களே, அந்த வகைத் தலைப்பிட்டு வெளியிட்டார்கள். ஒரு குடியரசின் தலைமைச் செயலகம் மனிதனின் காற்சங்கிலியைத் தாலாட்டாகப் பாடியது.

மார்ச்சில் 200க்கும் மேற்பட்ட வெனிசுவேலாக்காரர்களை எல் சால்வடோரின் பெருஞ்சிறைக்கு அனுப்பினார்கள். மொட்டையடிக்கப்பட்டு, சட்டையில்லாமல், கம்பிக்குப் பின்னே அடுக்கிவைக்கப்பட்ட கைதிகளுக்கு முன்னால், அன்றைய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலாளர் கிறிஸ்டி நோம் தங்க ரோலக்ஸ் கட்டிய கையோடு நின்று காணொளி எடுத்துக்கொண்டார். அதே நாட்களில் நீதிமன்றத் தடை இருந்தும் ஒருவரை அந்தச் சிறைக்கு அனுப்பிவிட்டு, அது ‘நிர்வாகப் பிழை’ என்று அரசே ஒப்புக்கொண்டது. மின்கட்டண ரசீதில் ஒரு சைபர் கூடிவிட்டது பாருங்கள், அதைப் போல. ஜூலையில் புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் முதலைகள் சூழ ஒரு தடுப்பு முகாம் திறந்தார்கள். அதிபர் நேரில் வந்து பார்த்தார். தப்பி ஓடினால் நேராக ஓடாதே, வளைந்து வளைந்து ஓடு என்று கையை ஆட்டிக் காட்டினார். உள்ளூர் குடியரசுக் கட்சி அந்த முகாமின் பெயரைப் போட்டுப் பனியன் விற்றது. எந்தக் கொடுங்கோலனுக்கும் பனியன் விற்கும் யோசனை தோன்றியதில்லை. அதற்குச் சந்தைப் பொருளாதாரம் வேண்டியிருந்தது.

எல்லை இப்படி. மளிகை?

ஏப்ரல் 2ஆம் தேதியை ‘விடுதலை நாள்’ என்று அறிவித்து, ஏறக்குறைய உலகம் முழுவதன் மேலும் சுங்கவரி போட்டார் டிரம்ப். மனிதர் எவரும் வசிக்காத, பென்குவின்கள் திரியும் ஹேர்ட், மெக்டொனால்டு தீவுகளுக்கும் 10 சதவீதம். பென்குவின்கள் இன்றுவரை பதில் வரி விதிக்கவில்லை. உலகத் தலைவர்களில் நிதானமானவை அவைதான். பொம்மை விலை ஏறுமே என்று கேட்டபோது, பிள்ளைகள் 30 பொம்மைக்குப் பதில் இரண்டு பொம்மை வைத்துக்கொள்ளட்டும் என்றார். குளியலறைக் குழாய்க்கும் பொன்முலாம் பூசிப் பழகிய மனிதரிடமிருந்து வந்த எளிமை உபதேசம்! பிரேசிலின் முன்னாள் அதிபரும் அவருடைய நண்பருமான பொல்சனாரோ மேல் வழக்கு நடந்தது பிடிக்காமல் அந்நாட்டின் மேல் 50 சதவீதம் வரி போட்டார். அமெரிக்கர் குடிக்கும் காப்பியின் விலை ஏறியது. பிரேசில் நீதிபதியோ தம் காப்பியை அந்த வரி இல்லாமலே குடித்தார்.

வேலைவாய்ப்பு எண்கள் மோசமாக வந்த ஆகஸ்ட் முதல் தேதி, தொழிலாளர் புள்ளியியல் துறைத் தலைவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். டிசம்பரில் பொருளாதாரத்துக்கு என்ன மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்ட நிருபரிடம் ஏ, அதற்குப் பின்னால் ஐந்து பிளஸ் என்றார். பரீட்சையில் கோட்டைவிட்டு, வாத்தியாரை ஊர்மாற்றிவிட்டு, ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தையும் தானே போட்டுக்கொண்ட பையனை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். அங்கே ஏற்றிவைத்திருப்பது அணு ஆயுதப் பொத்தானின் மேல்.

இரண்டு வரங்களும் ஒன்றையொன்று கடித்துக்கொண்ட இடம் வயல். ஒரு நாளைக்கு 3,000 பேரைப் பிடிக்க வேண்டும் என்று அதிபரின் ஆலோசகர் ஸ்டீபன் மில்லர் இலக்கு வைத்தார். முகத்தை மூடிய குடியேற்றத் துறைப் படை கட்டுமானச் சாமான் கடை வாசல்களிலும் பழத்தோட்டங்களிலும் பாய்ந்தது. 2025 ஜூன் 12 அன்று டிரம்ப் திடீரென்று ஒரு பதிவு போட்டார்: நம் கடுமையான கொள்கையால் நீண்டகால நல்ல வேலையாட்கள் பறிபோகிறார்கள், அவர்கள் இடத்தை நிரப்புவது ஏறக்குறைய முடியாது என்று விவசாயிகளும் ஓட்டல்காரர்களும் சொல்கிறார்களாம். அடடா, ஞானம்! பண்ணை, ஓட்டல் சோதனைகளை நிறுத்தி உத்தரவு போனது. ஒரு வாரம் தாங்கவில்லை. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கொலைகாரன், நோய்பரப்பி, படையெடுப்பாளன் என்று மேடையில் வசைபாடப்பட்டவன் நான்கு நாள் மட்டும் நல்ல வேலையாளாக இருந்தான்.

யார் பறிப்பார்கள் என்ற கேள்விக்கு வேளாண் துறைச் செயலாளர் புரூக் ரோலின்ஸ் ஜூலையில் பதில் சொன்னார். அரசு மருத்துவ உதவி பெறுகிறவர்களில் உடல் வலுவுள்ள 3.4 கோடி பேர் இருக்கிறார்களாம், அவர்கள் போதுமாம். இன்சுலினுக்கு அரசு அட்டை காட்டுகிற டெட்ராய்ட்காரரைக் கலிபோர்னியாவின் வெயிலில் கீரை அறுக்க அனுப்பும் திட்டம். அவர் அதைச் சொன்ன இரண்டாம் நாள், கலிபோர்னியாவின் கேமரில்லோவில் ஒரு பண்ணையைப் படை சுற்றி வளைத்தது. தப்பிக்கப் பசுங்குடிலின் கூரையில் ஏறிய தொழிலாளி ஒருவர் விழுந்து செத்தார். தக்காளி விலையில் அவர் சாவு எந்தப் பைசாவாகச் சேர்ந்தது என்று எந்தப் பொருளாதார நிபுணரும் கணக்கிடவில்லை.

செப்டம்பரில் ஜார்ஜியா. அமெரிக்காவில் வந்து ஆலை கட்டுங்கள் என்று தென்கொரியாவின் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்தவர்கள், ஆலை கட்ட வந்த 300க்கும் மேற்பட்ட கொரியர்களைச் சங்கிலியில் கட்டினார்கள். கொரிய அரசு தனி விமானம் அனுப்பி மீட்டுப்போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அதிபர் சொன்னார்: வெளிநாட்டு நிபுணர்கள் வந்து எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வாருங்கள், விலங்கு தயார்.

இதிலெல்லாம் அதிபரை மட்டும் திட்டிவிட்டுப் போவது எளிது. மக்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் கேலப் கணக்கில் 2024இல் 55 சதவீதம். ஒரே ஆண்டில், 2025 கோடையில், அது 30 ஆகச் சரிந்தது. குடியேற்றம் நாட்டுக்கு நல்லது என்றவர்கள் 79 சதவீதம், அதுவரை இல்லாத உச்சம். நல்ல செய்தி என்று கைதட்டினார்கள் சிலர். எனக்குக் கோபம்தான் வந்தது. 12 மாதத்துக்கு முன் அட்டையைத் தூக்கிப் பிடித்தது யார்? நாடு கடத்து என்றால் யாரோ முகம் தெரியாத கொலைகாரனைக் கடத்துவார்கள் என்று நினைத்தார்களாம். தன் வீட்டுப் புல் வெட்டுகிறவரை, தன் பிள்ளையோடு படிக்கிற சிறுமியின் அம்மாவைப் பிடித்துப்போனதும்தான் பதறினார்கள். கசாப்புக் கடைக்கு ஆட்டை அனுப்பிவிட்டு, அய்யோ, அதை வெட்டிவிட்டார்களே என்கிற இந்தக் கண்ணீரை நான் நம்பவில்லை.

2025 நவம்பரில் அதிபரின் ஆதரவு 36க்கு இறங்கியது. அந்த மாதம் அவர் என்ன செய்தார்? முகமூடிகளைக் கழற்றச் சொன்னாரா? வாழைப்பழம், காப்பி, மாட்டிறைச்சி மேலிருந்த வரியை எடுத்தார். சுங்கவரிப் பணத்தில் ஆளுக்கு 2,000 டாலர் தருவதாகச் சொன்னார். நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு. எந்தப் புண் தேர்தலில் வலிக்கும், எந்தப் புண் வலிக்காது என்று அவருக்கு நிபுணர்களைவிட நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் புதிதும் அல்ல. 1931 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸின் லா பிளாசிட்டா பூங்காவை வளைத்து, உட்கார்ந்திருந்த மெக்சிகோக்காரர்களை ஆவணம் கேட்டு மடக்கினார்கள். வேலையெல்லாம் இவர்கள் பறித்துக்கொண்டார்கள், இவர்களை விரட்டினால் பொருளாதாரம் எழுந்துவிடும் என்றது ஹூவர் அரசு. பல லட்சம் பேர் போனார்கள், துரத்தப்பட்டார்கள். பலர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். பொருளாதாரம் எழவில்லை, ஹூவர் விழுந்தார். கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது 2005இல். அந்தப் பூங்காவில் பிடிபட்டவர்களில் அதைக் கேட்க எத்தனை பேருக்குக் காது மிச்சமிருந்ததோ.

இனி நம் ஆட்களுக்கு வருவோம். டல்லாஸ் புறநகரில் இருக்கிற ஒரு மாமாவை எல்லாக் குடும்பத்திலும் பார்க்கலாம். குடியுரிமை வாங்கியவர், 2024இல் டிரம்புக்குக் குத்தியவர். ‘நாங்க வரிசையில நின்னு வந்தவங்க’ என்பது அவருடைய காயத்ரி மந்திரம். 2025 செப்டம்பர் 19 அன்று எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. திரும்பி வர முடியாமல் போய்விடுமோ என்று, ஊருக்குக் கிளம்ப விமானத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பெட்டியோடு இறங்கி ஓடினார்கள். அது புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்று மறுநாள் விளக்கம் வந்தது. அதற்கு 11 நாள் முன்புதான், லாஸ் ஏஞ்சலஸில் தோல் நிறத்தையும் பேசும் மொழியையும் மட்டுமே வைத்து ஆளை நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்ற கீழ்நீதிமன்றத் தடையை உச்ச நீதிமன்றம் விலக்கியிருந்தது. யார் எந்த வரிசையில் நின்று வந்தார்கள் என்பது தோலில் எழுதியிருக்காதே.

2026 ஜனவரியில் மினியாபொலிஸ். மூன்று வாரத்துக்குள் அமெரிக்கக் குடிமக்கள் இருவரைக் குடியேற்றத் துறையினர் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் மூன்று பிள்ளைகளின் தாய். மற்றவர் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர். பிணம் ஆறுவதற்குள் இருவருக்கும் பயங்கரவாதிப் பட்டம் கட்டினார்கள் மேலிடத்தில். காணொளிகள் வேறு கதை சொன்னபோது நாடே கொதித்தது. கொதிக்கட்டும். 2025இல் மட்டும் குடியேற்றக் காவலில் 30க்கு மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள், இருபது ஆண்டுகளில் இல்லாத எண்ணிக்கை. அப்போது அடுப்பே மூட்டப்படவில்லை.

அந்த டல்லாஸ் மாமாவிடம் விசா வரிசையில் நிற்கிற மருமகன் கேட்டிருப்பான்: “மாமா, இந்த ஆளுக்குத்தானே ஓட்டுப் போட்டீங்க?”

மாமா கார் டேஷ்போர்டுக்குள் கடவுச்சீட்டின் நகலைச் செருகியபடி சொல்லியிருப்பார்: “அதெல்லாம் அவங்களுக்காகப் போட்ட சட்டம்டா, நமக்கில்ல. அதை விடு, வீட்டுக் கடன் வட்டி எப்பக் குறையுதாம்?”