புலி வேன் கண்ணாடியில் பாய்கிறது

கம்பத்து வாடகை வேன்களின் பின்கண்ணாடியில் இப்போது சோழர் கொடியின் புலி பாய்கிறது. சோழர் படம் பார்த்துவிட்டு ஒட்டியது. ஓட்டுகிற தம்பியிடம் கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு, "உலகத்தையே கப்பல்ல போயி ஜெயிச்ச பரம்பரைண்ணே" என்பான். எங்கள் பள்ளத்தாக்கைச் சுற்றி மலை. பெரிய தண்ணீர் என்றால் முல்லைப் பெரியாறு. கடற்படை வீரம் இங்கே பொங்குவதற்கு அது தடையே இல்லை.

ராயப்பன்பட்டிக்காரர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். கம்பத்து ராவுத்தர்மார் நாகூருக்குப் போவார்கள். நடுவில் கிடக்கிறது நாகப்பட்டினம், டீ குடிக்கவும் டயருக்குக் காற்றடிக்கவும். சோழர்களின் பெரிய துறைமுகம் அது. மலேயாப் பக்கத்துக் கடாரத்தின் மன்னன் அங்கே சூடாமணி என்ற புத்த விகாரத்தைக் கட்ட, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிவைத்தான். இருபது வருஷம்கூட ஆகவில்லை, 1025-இல் அவன் மகன் ராஜேந்திரன் கப்பல்களை அனுப்பி அந்தக் கடாரத்தையே சூறையாடினான். மொய் எழுதிய வீட்டிலேயே கன்னம் வைத்த இந்தக் கதையைத்தான் நாம் வீரம் என்று ஒட்டிக்கொண்டு திரிகிறோம்.

சரி, பெருமைதான் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் காப்பாற்றிய லட்சணம் என்ன? அந்த ஆனைமங்கலத் தானத்தைப் பொறித்த செப்பேடு ஹாலந்துக்குப் போய் 'லெய்டன் செப்பேடு' ஆனது. கப்பல்காரர்களுக்குக் கரை காட்டிக்கொண்டு நின்ற விகாரத்தின் செங்கல் கோபுரத்தை 1867-இல் பாதிரிமார்கள் இடித்துக்கொள்ள, வெள்ளைக்கார அரசு தாராளமாக அனுமதி கொடுத்தது. அங்கே கிடைத்த புத்தர் சிலைகளில் பல சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

"போர்க்கப்பல் எங்கண்ணே நிக்கும், ஒரு செல்ஃபி எடுக்கணும்" என்று வேன்காரத் தம்பி நாகப்பட்டினத்து டீக்கடையில் விசாரித்தான். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உள்ள போனா ரோந்து சுத்தும் தம்பி. ஆனா அது நம்மளுது இல்ல."

கடாரம் கொண்ட கடலில் பயணிகள் கப்பல் ஒன்றை விட்டார்கள். 2023 அக்டோபர் 14, நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு. பிரதமர் காணொளியில் கொடியசைத்தார், அமைச்சர்கள் கைதட்டினார்கள். அக்டோபர் 20-இல் நிறுத்தினார்கள். வடகிழக்குப் பருவமழை வருகிறதாம்! பருவக்காற்றைப் பார்த்தே பாய் விரித்தவர்களின் ஊரில், ஐப்பசியில் மழை வரும் என்று கொடியசைத்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. மறுபடி ஓடியது 2024 ஆகஸ்ட்டில்.

2004 டிசம்பர் 26-இல் நாகையின் மீனவர் ஊர்களான அக்கரைப்பேட்டையையும் கீச்சாங்குப்பத்தையும் சுனாமி வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் மறுபடியும் அதே கடலில்தான் இறங்கினார்கள். எல்லை தாண்டுகிறவர்களை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. படகு அங்கே கரையேறி மட்கிப்போகிறது. சென்னை டெல்லிக்குக் கடிதம் எழுதும். டெல்லி கொழும்போடு பேசும். பிடிபட்டவன் மனைவி கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் புலிக்கொடிக்காரர்களுக்குக் கோபம் வரும். நம் விசைப்படகுகள் இழுவை மடி போட்டு அடிக்கடல் வரை வழித்தெடுப்பது யாருடைய மீனை? இருபத்தாறு வருஷ உள்நாட்டுப் போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்த யாழ்ப்பாணத்து மீனவனுடைய மீனை. அவன் வலை அறுபடுவதும் நம் படகால்தான். அவனும் தமிழன். வள்ளத்தில் போகிற அந்தத் தமிழனிடம்தான் நம்முடைய நவீனக் கடற்படை வெற்றி கொண்டிருக்கிறது. படகு முதலாளி கரையில் இருப்பார், சிறைக்குப் போவது கூலிக்காரன்.

எங்கள் ஊர்ப்பக்கம் லோயர் கேம்பில், முல்லைப் பெரியாற்றில் அணை கட்டிய பென்னிகுக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. தைப்பொங்கலில் அவர் படத்துக்கும் மாலை விழும். வெள்ளைக்காரரே ஆனாலும், வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர். பெருமையை அப்படி அளந்து பழகிய ஊர்க்காரன் கேட்கிறேன்: இந்த ஆயிரம் வருஷக் கடற்படைப் பெருமை அக்கரைப்பேட்டைக்காரன் வீட்டுக்கு எதைக் கொண்டுவந்தது?

நாணயம் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனுக்கு நாணயம் வெளியிட்டார்கள், சிலை வைப்போம் என்றார்கள். அதை வைத்து டீசல் போட முடியாது.

பாக் நீரிணை இழுவைப் படகுகளை மாற்றி ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகு தருவோம், மூன்றே வருஷத்தில் 2,000 படகு என்று 2017-இல் அறிவித்தவையும் மத்திய, மாநில அரசுகள்தான். இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. முதலில் அந்தப் படகுகளைக் கொடுங்கள். சிலையின் உயரத்தைப் பிறகு பேசிக்கொள்வோம்.