பரலுக்குள் இருந்த பிறப்புரிமை

சிலப்பதிகாரத்துப் பூம்புகாரில் அந்தக் காலத்திலேயே ஒரு மனித உரிமை ஆணையம் இருந்தது. பாவை மன்றம் என்று பெயர். அரசன் முறை தவறினால் அங்குள்ள பொம்மை கண்ணீர் விடும்; வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாது. பின்னால் வந்த ஆணையங்கள் எங்கே பாடம் படித்தன என்பது புரிகிறதா?

அந்த ஊர்க்காரன் கோவலனின் கெட்ட நேரம், மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க அவன் போனது மதுரைக்கு. அன்று அரசிக்கு ஊடல். சமாதானம் செய்ய விரைந்துகொண்டிருந்த பாண்டியனை வழிமறித்து, அரசியின் சிலம்பைத் திருடியவன் சிக்கிவிட்டான் என்றார் பொற்கொல்லர். கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று தீர்ப்பு. விசாரணை அவ்வளவுதான். ஆளைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்று காவலர்கள் தயங்கினார்கள். பொற்கொல்லர் களவுக்கலை பற்றி வகுப்பே எடுத்தார். வகுப்பு முடிவதற்குள் குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிட்டான். மேல்முறையீடும் முடிந்தது.

எல்லோரும் பிறக்கும்போதே சம உரிமையோடு பிறக்கிறார்கள் என்று ஐ.நா. அறிவித்தது 1948-இல். கண்ணகிக்கு அந்த வசதி இல்லை. என் கணவனும் மனிதன்தானே என்று அவள் பாண்டியனிடம் கேட்கவில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்த, கன்றுக்காக மகன்மீதே தேரை ஏற்றிக் கொன்ற சோழர்களின் ஊர்க்காரி நான் என்றாள். மாட்டுக்கு நியாயம் கிடைத்த ஊர் என்பதுதான் மனுஷிக்குச் சிபாரிசு! கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்றான் பாண்டியன். சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து. இதிலிருந்து தெறித்தது மாணிக்கம். பாண்டியன் சரிந்தான்.

நியாயஸ்தன்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே முத்துப் பரல் இருந்திருந்தால் கோவலன் இன்றைக்கும் திருடன்தான். மாணிக்கப் பரல் போட வசதியில்லாத வீட்டுப் பெண் அரண்மனை வாசலில் என்னத்தை உடைப்பாள்?

கதை இத்தோடு முடிந்ததாக மேடைப் பேச்சாளர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். மிச்சம் கொற்கையில் இருக்கிறது. மழை பொய்த்தது, நோய் பரவியது. கண்ணகியின் சினம் தணிக்க, அடுத்து வந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்தான். விசாரிக்காமல் ஒருவனைக் கொன்ற பாவத்துக்கு, விசாரிக்காமல் ஆயிரம் பேர். மழையும் பெய்ததாம். அந்த ஆயிரவரில் ஒருவர் பெயர்கூடக் காப்பியத்தில் இல்லை.

உரிமை கூடவே பிறக்கிறது என்பவர்கள் அதைக் கொற்கையில் போய்ச் சொல்லட்டும். சமுதாயம் கொடுப்பதுதான் உரிமை என்பவர்களுக்கும் ஒரு தகவல்: அன்றைக்கு அந்தச் சமுதாயம் விழா எடுத்துக்கொண்டிருந்தது.