14 யூனிட் பரண்

மேனர் பார்க், லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்களுக்கும் சித்திக்கும் மயிலம் முருகன் துணை. அவருக்காவது மலை இருக்கிறது. இங்கே எங்கள் தெருவுக்குப் பக்கத்து முருகனுக்கு விலாசமே சர்ச் ரோடு.

போனில் எதை ஆரம்பித்தாலும் "சரி சரி, சித்தி பேசணுமாம்" என்று கைமாற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். "பரண்ல ஏறிப் படுக்கிற அளவுக்கு என்னடா கஷ்டம்?" என்று கேட்டீர்களே, கஷ்டம் ஒன்றுமில்லை. பையன் வளர்ந்துவிட்டான், வீடு வளரவில்லை.

விழுப்புரம் வீட்டுப் பரணில் மல்லாட்டை மூட்டையும் அண்டாவும் கிடக்கும். இங்கே ஓட்டுச் சரிவுக்கும் மாடி அறைகளின் கூரைக்கும் நடுவே முக்கோணமாக ஒரு பொந்து. அதில் குடியிருந்தது தண்ணீர்த் தொட்டி. சின்டெக்ஸை மொட்டைமாடியில் வைத்து வெந்நீர் பிடிக்கிற நமக்கு இது விளங்காது. இங்கே வெளியில் வைத்தால் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். தொட்டியை இறக்கிவிட்டு மகனை ஏற்றியிருக்கிறோம்.

நீங்கள் திண்டிவனத்தில் எந்த வீட்டை முடித்தாலும் தூண் கம்பியை மேலே நீட்டிவிட்டுத்தான் வருவீர்கள். பெரியவனுக்குக் கல்யாணமானால் மாடி எடுக்கலாம் என்று கம்பி துருவேறிக் காத்திருக்கும். இங்கே தெரு முழுக்க ஒட்டின வீடுகள், நூறு வயது தாண்டினவை. முகட்டுக்கு மேலே போகவேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்கவேண்டும். அதனால் வீடு தன் மண்டைக்குள்ளேயே வளர்ந்துகொள்கிறது. பின்பக்கக் கூரையைப் பிரித்து, பெட்டி வைத்ததுபோல் வெளியே தள்ளிக் கட்டுகிறார்கள். டார்மர் என்று பேர். ஒட்டின வீட்டுக்கு 40 கன மீட்டர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம், தெருப்பக்கம் மட்டும் தள்ளக்கூடாது. அந்த 40 கன மீட்டர் உங்கள் கணக்கில் 14 யூனிட் ஜல்லி கொட்டுகிற இடம்.

ஆனால் உத்திரத்தைப் பொதுச்சுவரில் ஏற்றணுமே. அதற்கு 1996-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 2 மாதம் முன்னதாகப் பக்கத்து வீட்டுக்கு எழுத்தில் நோட்டீஸ். 14 நாளில் சம்மதம் வராவிட்டால் தகராறு என்றே கணக்கு. சர்வேயர் வருவார், அவர் கூலியும் பெரும்பாலும் நம் தலையில்தான். நம்மூரில் அரையடிச் சண்டை கட்டி முடித்த பிறகுதான் தொடங்கும். இங்கே சண்டைக்கு முன்கூட்டியே படிவம் இருக்கிறது! கூரைக்குள் வௌவால் இருந்தால் இன்னும் விசேஷம். அது எங்கேயோ போயிருக்கிற நேரத்தில்கூட அது தங்கும் இடத்தைக் கலைக்கக்கூடாது. வாடகைக்காரரைக் கிளப்பிவிடலாம், வௌவாலைக் கிளப்ப முடியாது. நல்லவேளை, எங்கள் கூரையில் சிலந்திதான்.

வேலையைப் பார்த்தால் நீங்கள் வாசலோடு திரும்பிவிடுவீர்கள். சிமெண்டுக்கு அதிகம் வேலையே இல்லை. இரும்பு உத்திரம், மரச்சட்டம், ஜிப்சம் பலகை, திருகாணி, அவ்வளவுதான். சுவரைத் தட்டினால் டொக் டொக்கென்கிறது. சரிவு முழுக்க நுரைப்பலகை வைத்து அடைத்தார்கள், உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமலிருக்க. நாம் மொட்டைமாடியில் கூல் டைல்ஸ் ஒட்டிச் சூட்டை விரட்டுகிறோம். இவர்கள் காசு கொடுத்துப் பிடித்துவைக்கிறார்கள். 2022 ஜூலையில் இந்த நாட்டில் முதல்முறையாக 40 டிகிரி தாண்டியபோது எதிர்வீட்டுக்காரர் பரணைவிட்டு சோபாவுக்கு இறங்கிவிட்டாராம். விழுப்புரத்தில் அதற்கு மே மாதம் என்று பெயர்.

பெரிய ரோதனை படிக்கட்டுதான். சரிவு 42 டிகிரியைத் தாண்டக்கூடாது. தலைக்குமேல் 2 மீட்டர் வேண்டும். இடமில்லாத பரணுக்குச் சலுகையாகப் படியின் நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 போதும். சோதிக்க வந்த அதிகாரி ஒவ்வொரு படியிலும் நின்று டேப்பை நீட்டினார். கூரை திரும்புகிற இடத்தில் ஆசாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் மூச்சுவிட்டால் அளவு குறைந்துவிடும் என்பதுபோல. தேறிவிட்டது. கடைசியில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால், கட்டில் போட்டாலும் வீட்டை விற்கும்போது அது பரண்தான்.

வீடு மூன்றடுக்கு ஆகிவிட்டதால் தீ விதி வேறு. படிக்கட்டை ஒட்டிய அறைக் கதவுகள் குறைந்தது 20 நிமிடம் நெருப்பைத் தாங்கவேண்டும். அலாரங்கள் ஒன்றுக்கொன்று தொடுப்பு. சமையலறைக் கதவைச் சாத்தாமல் உங்கள் மருமகள் மிளகாய் தாளித்தால் மூன்று தளமும் சேர்ந்து அலறுகிறது. பையன் அதைச் சாப்பாட்டு மணி என்று இறங்கி வருகிறான்.

செலவைச் சித்தியிடம் சொல்லவேண்டாம். அந்தப் பணத்தில் திண்டிவனத்தில் கடகால் எடுத்துக் கிரகப்பிரவேசமே முடித்திருக்கலாம்.

விசா கிடைத்ததும் கிளம்பி வாருங்கள். சித்தியின் முட்டிக்கு இந்தப் படி ஆகாது, அவருக்குக் கீழேயே கட்டில். பரண் உங்களுக்கு, பையன் ஹாலில் படுத்துக்கொள்வான். உங்கள் உயரத்தை மட்டும் எழுதுங்கள். 5 அடி 10 அங்குலத்துக்குள் என்றால் ஓரமாகவே ஏறிவிடலாம். முண்டாசோடு என்றால் நடுவில் ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்