பதில் மரியாதை

வரித்தலை வாத்துகள் மார்கழி, தை வாக்கில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் வந்து இறங்கும். கோடையில் அவை குஞ்சு பொரிப்பது லடாக், திபெத், மங்கோலியா பக்கம். இமயத்தைத் தாண்டும்போது ஏழாயிரம் மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். இத்தனை காலம் நம் ஊருக்கு வந்து போகிறவர்கள் வீட்டுக்கு நாம் ஒரு நடை போகாதது முறையா? பாளையங்கோட்டையில் என் மனைவியிடம் இப்படித்தான் லடாக் பேச்சை எடுத்தேன்.

“அதுக சொந்தச் செலவுல வருதுக. யாருகிட்டயாவது ஸ்வெட்டர் கேட்டுதா?” என்றாள். கூடாது என்று சொல்லவில்லை. குடும்பஸ்தனுக்கு அதுவே அரசாணை.

காலை நடை நண்பர்கள் என்னை ‘பறவை சார்’ என்பார்கள். காக்கை, மைனா, மயில் மூன்றையும் தப்பில்லாமல் சொல்லிவிடுவேன். மற்றதெல்லாம் எனக்கு ‘வலசை’. பைனாகுலரை இறக்காமலே சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஆகவே நானே பயண அமைப்பாளர். லே நகரத்து வழிகாட்டி ஒருவரைப் பிடித்தோம். ஒரு குழுவுக்கு ஆறு பேர்தான் என்று கறாராகச் சொன்னார்.

முதல் இரண்டு நாள் லேயில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்றார். லே 3,500 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637தான். காற்று மெலிசு, உடம்பு பழக வேண்டும். “படுக்கறதுக்கு வீட்லயே கட்டில் கெடக்கே சார், எதுக்கு பிளைட்டு?” என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அந்த இரண்டு நாள் வாடகையைக் கழிக்க முடியுமா என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். என் ஹிந்தியில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, மூன்று நாள் ஓய்வு என்று பதில் வந்தது.

அடுத்து தேதி. ஜூனில் முகூர்த்தம். ஆடியில் கல்யாணம் கிடையாது, ரேட்டும் இறங்கும் என்றார் ஒருவர். லடாக்குக்கு ஆடித் தள்ளுபடி தெரியாது. அங்கே அதுதான் கூட்டம் அலைமோதும் காலம். ஆனால் சொ கார் ஏரிக்கரைச் சதுப்பில் கருங்கழுத்துக் கொக்கு குஞ்சோடு நடப்பதைப் பார்க்க அது நல்ல சமயம். சரி, ஆடி.

இந்தக் கொக்குதான் லடாக்கின் மாநிலப் பறவை. நின்றால் ஆள் மார்பளவு உயரம். தெருநாய்கள் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுவதால் ஏற்கெனவே அதற்கு உயிர் கையில் இல்லை. நாமும் நெருங்கிப் போகக் கூடாது, வெகு தொலைவிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் வழிகாட்டி. சிந்து நதிக்கரையில் ஐபிஸ்பில் என்றொரு பறவை. சாம்பல் நிறக் கூழாங்கல் நடுவே சாம்பல் நிறத்தில் நிற்கும். “அப்போ காசு கொடுத்துக் கல்லைப் பார்க்கப் போறோம்” என்றார் மேலாளர். உண்மையில் எனக்கு மிகவும் பிடித்த பறவை அதுதான். பார்த்தேன் என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது.

சாமான் பட்டியலில் அரிசி, பொடி, ஊறுகாய், மங்கி குல்லா. சொ கார் 4,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், சோறு வேகாது என்று விஞ்ஞானம் பேசினேன். விளைவு, மூன்று லிட்டர் குக்கர் பெட்டிக்குள் ஏறியது. விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான். பைனாகுலர் வெளியே வந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வரலாமாம். குல்லா பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். பறவைகள் மிரளும் என்றேன். “அதுக உங்களத்தான் கூந்தன்குளத்துலயே பாத்திருக்குமே” என்றாள்.

வெளியூர் ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது என்று தெரிந்ததும் குழுவே கலகலத்தது. பறவைக்காகப் போகிறவர்கள் போஸ்ட்பெய்டுக்கு அலைந்தார்கள்.

கடைசியாக மருத்துவப் பரிசோதனை. டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நானும் வரலாமா?” என்று கேட்டார். அவ்வளவு உயரத்துக்கு டாக்டர் கூடவே வருவது பெரிய அதிர்ஷ்டம் என்று அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் ஆறு பேருக்குத்தான் இடம். யார் விட்டுக்கொடுப்பது என்று வாக்கெடுப்பு வைத்தார் மேலாளர். என் பெயருக்கு நேரே விழுந்த முதல் கட்டைவிரல், என் மனைவியுடையது.