நாள் தவறாத ஞானோதயம்

அமெரிக்க அரசியலில் ஹிலாரி கிளிண்டன் அம்மையாரைப் போல வீண்பழி சுமந்தவர் வேறொருவர் இருக்க முடியாது. 2016 அதிபர் தேர்தலை ஒட்டி அவர் முற்போக்கின் பக்கம் நகர்ந்தது மனமாற்றமா, வேஷமா என்று ஆளாளுக்குச் சந்தேகப்பட்டார்கள். ஒருவருக்கு ஞானம் பிறக்கிறது. பிறந்த வேளை தேர்தல் வேளையாக அமைந்துவிட்டது. ஜாதகத்துக்கு அவர் என்ன செய்வார்?

2015-இன் பிற்பகுதியை மட்டும் பாருங்கள். கனடாவின் தார்மணலிலிருந்து எடுக்கும் எண்ணெயை அமெரிக்காவுக்குள் கொண்டுவரும் கீஸ்டோன் குழாய்த் திட்டத்துக்கு அனுமதி தரும் பக்கமே மனம் சாய்கிறது என்று 2010-இல் வெளியுறவு அமைச்சராகச் சொன்னவர் அவர். 2015 ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவர் இதைப் பற்றி நேராகவே கேட்டார். நான் அதிபராகும்போதும் இது முடிவாகாமல் இருந்தால் அப்போது சொல்கிறேன் என்றார் அம்மையார். ஓட்டுப் போடும் முன்பே வேட்பாளரின் கருத்தைத் தெரிந்துகொள்ளத் துடித்த அந்த மனிதரின் அவசரபுத்தியை என்னென்பது! இருந்தாலும் அம்மையாருக்கு இரக்க குணம். செப்டம்பர் 22 அன்று அயோவாவில் திட்டத்தை எதிர்ப்பதாக அறிவித்துவிட்டார். அதே நாளில்தான் போப் பிரான்சிஸ் வாஷிங்டனில் வந்திறங்கினார். நாட்டின் கேமராக்களெல்லாம் விமான நிலையத்தில் இருந்தன. விளம்பரத்தை விரும்பாதவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஒரு வாரம் கழித்து, தொழிற்சங்கங்கள் வெறுத்த மருத்துவக் காப்பீட்டு வரி ஒன்றையும் எதிர்த்தார். அடுத்தது பசிபிக் நாடுகளுடனான பன்னிரண்டு தேச வர்த்தக ஒப்பந்தம். 2012-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நின்று, வர்த்தக ஒப்பந்தங்களுக்கே இதுதான் உரைகல் என்று அவர் மெச்சிய ஒப்பந்தம் அது. 2015 அக்டோபர் 5 அன்று பேச்சுவார்த்தை முடிந்தது. 7-ஆம் தேதி தொலைக்காட்சிப் பேட்டியில், இன்றைய தேதியில் தெரிந்தவரை எனக்கு இதில் உடன்பாடில்லை என்றார். ஒப்பந்தத்தின் முழு வாசகம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது நவம்பரில்தான். பிரதி அச்சேறுமுன்பே பிழை கண்டுபிடிக்கும் கூர்மை எத்தனை பேருக்கு வாய்க்கும்? 'இன்றைய தேதியில்' என்று சேர்த்துக்கொண்டதில் உள்ள அடக்கத்தையும் கவனிக்க வேண்டும். நாளைய தேதியைப் பற்றி அவர் யாருக்கும் பொய் வாக்கு கொடுக்கவில்லை.

அக்டோபர் 13 அன்று லாஸ் வேகஸில் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாத மேடை. செப்டம்பரில் ஓஹியோ பெண்கள் கூட்டத்தில், என்னை நடுநிலைக்காரி என்று குற்றம் சாட்டுகிறார்கள், அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று கைதட்டல் வாங்கியவர், இந்த மேடையில் நான் முற்போக்காளர், அதுவும் காரியத்தை முடிக்கிற முற்போக்காளர் என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவர் ஐந்தே வாரத்தில் இப்படித் திருந்திவிட்டார் என்றால் சிறைத்துறை அதிகாரிகள் பாடம் கேட்க வேண்டாமா?

எதிரே நின்றவர் பெர்னி சாண்டர்ஸ். அவரை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. 1993-இல் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்தார். 1996-இல், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டும்தான் என்று வரையறுத்து, அம்மையாரின் கணவரும் அன்றைய அதிபருமான பில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். 2002-இல் இராக் போருக்கும் எதிர்ப்பு. எல்லாம் ஊர் ஒத்துக்கொள்வதற்கு முன்பே. ஒருதடவையாவது மனம் மாறும் இன்பத்தை அனுபவிக்காமலே தலை நரைத்துப்போன மனிதர்!

அம்மையார் அப்படியல்ல, படிப்படியாக வளர்ந்தவர். 2004-இல் திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான புனித பந்தம் என்று செனட்டில் பேசினார். 2011 டிசம்பரில் ஜெனீவா சென்று, தன்பாலீர்ப்பாளர் உரிமையும் மனித உரிமையே என்று உலக நாடுகளுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். நல்ல பேச்சு, அதில் சந்தேகமில்லை. சொந்த நாட்டில் அவர்கள் திருமணம் செய்துகொள்ளலாம் என்று சொல்ல மட்டும் 2013 மார்ச் வரை ஆனது. அதற்குள் கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் ஆதரவு தெரிவித்திருந்தார்கள். மக்களை முன்னால் போகவிட்டுப் பின்னால் வருகிறவரல்லவா பண்புள்ள தலைவர்? (அதே 2011-இன் ஜூலையில் சென்னைக்கும் வந்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பேசிவிட்டுப் போனார். அப்போது கேட்க நமக்கும் தோன்றவில்லை.)

இராக் விவகாரத்தில் மட்டும் கொஞ்சம் தாமதம். 2002 அக்டோபரில் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை ஆதரித்தார். 2008 வேட்பாளர் போட்டியில் ஒபாமா இதைச் சொல்லியே அவரை மடக்கியபோதும், தவறு செய்தேன் என்ற வார்த்தை வரவில்லை. அதை அவர் புத்தகத்தில் எழுதியது 2014-இல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காணச் சனம் கொடைக்கானலுக்கு ஓடுகிறது. அதே கணக்கில் பூத்த இந்த மனசாட்சியை மட்டும் ஏன் ஏளனம் செய்ய வேண்டும்?

பணத்தாசைப் பேச்சும் அடிபட்டது. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் 2013-இல் மூன்று உரைகள், மொத்தம் 6,75,000 டாலர். அவ்வளவு எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, அவர்கள் கொடுத்தது அவ்வளவுதான் என்றார். பேரம் பேசத் தெரியாத அப்பாவி! பேசியதை வெளியிடுங்கள் என்றபோது, எல்லோரும் வெளியிடட்டும், நானும் வெளியிடுகிறேன் என்றார். சமத்துவத்தில் அவ்வளவு பிடிப்பு.

அவரிடம் ஒளிவுமறைவு இல்லை என்பதற்கு அவருடைய இன்னொரு பேச்சே சான்று. 2013-இல் வீட்டுவசதித் தொழிலதிபர்கள் மத்தியில், பொதுவெளிக்கு ஒரு நிலைப்பாடு, தனிப்பட ஒரு நிலைப்பாடு என இரண்டும் வேண்டும் என்று விளக்கியிருந்தார். விக்கிலீக்ஸ் அதை 2016 அக்டோபரில் அம்பலமாக்கியதும், ஆபிரகாம் லிங்கன் காட்டிய வழியைத்தான் சொன்னேன் என்று விவாத மேடையில் பதில் தந்தார். இதைவிட நேர்மையாக ஒரு தலைவர் தம்மைப் பற்றி முன்னறிவிப்புத் தர முடியுமா? கட்டணம் கட்டி உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் அது கேட்டது என்பது ஏற்பாட்டாளர்களின் குறை.

நண்பர்களும் கைவிடவில்லை. 2016 ஜூலையில், கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்த பிலடெல்பியாவில், அவருடைய நெடுநாள் நண்பரும் வர்ஜீனியா ஆளுநருமான டெரி மெக்காலிஃப், தேர்தலில் ஜெயித்தபின் சில திருத்தங்களுடன் அம்மையார் அந்தப் பசிபிக் ஒப்பந்தத்தை ஆதரிப்பார் என்ற பொருளில் பேசிவிட்டார். பிரச்சாரக் குழு உடனே மறுத்தது. பல வருடப் பழக்கத்தில் நண்பர் தெரிந்துவைத்திருந்ததைவிட, மூன்று மாதச் சுவரொட்டியில் வாக்காளர் தெரிந்துகொள்வதே சரி என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

கல்வியிலும் மனம் இளகியது. டொனால்ட் டிரம்ப்பின் பிள்ளைகளுக்கு எதற்கு இலவசக் கல்லூரி என்று சாண்டர்ஸின் திட்டத்தைக் கிண்டல் செய்தவர், 2016 ஜூலை 6 அன்று ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரையுள்ள குடும்பங்களுக்குத் தம் மாநிலத்து அரசுக் கல்லூரியில் கட்டணமில்லை என்றார். 12-ஆம் தேதி சாண்டர்ஸ் அவருக்கு ஆதரவு அறிவித்தார். இந்த ஆறு நாள் இடைவெளியில் சூதுவாது தேடுகிறவர்களுக்குக் கணக்கும் தெரியாது, கருணையும் தெரியாது.

இவ்வளவு பாடுபட்டு மாற்றிக்கொண்ட மனதை ஆலைத் தொழிலாளர்களுக்கு நேரில் காட்டியிருக்கலாம். வர்த்தக ஒப்பந்தங்களால் வேலை போயிற்று என்று பொருமிக்கொண்டிருந்த விஸ்கான்சின், உட்கட்சித் தேர்தலில் சாண்டர்ஸை ஜெயிக்க வைத்த மாநிலம். கட்சியின் வேட்பாளரான பிறகு அங்கே ஒருமுறைகூடப் பிரச்சாரத்துக்குப் போக அம்மையாருக்கு நேரம் கிடைக்கவில்லை. நவம்பர் 8 அன்று ஏறத்தாழ 23,000 வாக்குகளில் அந்த மாநிலம் டிரம்ப்பிடம் போனது.